சென்னை–சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே நீங்களே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா முதல் தடவையாக அக்காவைப் பார்க்க சிங்கப்பூர் கிளம்பியபோது டிக்கெட்டை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சென்னையில் புறப்பாடு இரவு 11:15. சிங்கப்பூரில் வருகை காலை 6:00. விரல் விட்டு எண்ணிவிட்டு "ஆறே முக்கால் மணி நேரம்" என்றார். திரும்பி வரும் டிக்கெட்டில் சிங்கப்பூர் இரவு 8:30, சென்னை இரவு 10:20 என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். "போறதுக்கு ஏழு மணி நேரம், வர்றதுக்கு ரெண்டு மணி நேரமா? ஒரே தூரம்தானே தம்பி?"

கேட்டது சரியான கேள்வி. விடை தேடி இணையத்தில் பார்த்தால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. ஓரிடத்தில் 2,921 என்று இருக்கும், இன்னோரிடத்தில் 1,815, மற்றொன்றில் 1,577. மூன்றுமே சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகள் புழங்குவது கடல் மைல்.

தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கால்குலேட்டர் போதும். நேரம் அப்படிப்பட்டதல்ல. காற்று, பாதை, ஓடுதளத்துக்குக் காத்திருப்பது, இரண்டு ஊர்க் கடிகாரங்கள், வீட்டிலிருந்து விமான நிலையம் வரையுள்ள சாலை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: எந்த ஊர் என்பதைவிட எந்த விமான நிலையம் என்று பாருங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சென்னைக்கு எம்ஏஏ, மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன். கணக்கைத் தொடங்கும் முன் குறியீட்டைச் சரிபார்ப்பது மிக முக்கியம், ஏனென்றால் நம் பக்கத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. திருச்சிக்கு டிஆர்இசட், திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி. செல்பேசியில் "திரு" என்று தட்டினாலே இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அவசரத்தில் விரல் தவறினால் வேறு மாநிலத்திலிருந்து புறப்பட வேண்டிய டிக்கெட் கைக்கு வந்துவிடும்.

லண்டன் மாதிரிப் பெரிய ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல நிலையங்கள், ஒன்றுக்கொன்று நல்ல தொலைவில். "சென்னை–லண்டன் தூரம்" என்று தேடினால் சில தளங்கள் நகரத்தின் மையத்திலிருந்து அளந்து தரும். விமானம் நகர மையத்தில் இறங்குவதில்லை. நிலையத்துக்கு நிலையம்தான் அளக்க வேண்டும்.

படி 2: இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை

கூகுள் வரைபடத்தில் ஓடுதளத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை.

சென்னை: 12.994 வடக்கு, 80.181 கிழக்கு
சாங்கி: 1.359 வடக்கு, 103.989 கிழக்கு

தெற்கும் மேற்கும் வந்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். அட்டவணைகளில் பாகை, கலை, விகலை என்று பிரித்துக் கொடுத்திருந்தால் கலையை 60-ஆலும் விகலையை 3,600-ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: தூரம்

முதலில் சூத்திரமே இல்லாமல் ஒரு கணக்கு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம். பலாலி விமான நிலையம் 9.792 வடக்கு, 80.070 கிழக்கு. தீர்க்கரேகையைப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது யாழ்ப்பாணம் சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. எனவே அட்சரேகைகளைக் கழித்தாலே போதும்: 12.994 − 9.792 = 3.202 பாகை.

ஒரு பாகைக்கு 60 கடல் மைல். 3.202 × 60 = 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக 356 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலையில் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இத்தனை அருகில் இருக்கிற ஊர் அது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை என் மனதில் பதிந்ததில்லை.

60 எப்படி வந்தது? பூமியைச் சுற்றி 360 பாகை, ஒவ்வொரு பாகையிலும் 60 கலை. ஒரு கலை அளவுக்குப் பூமியின் மேல் நகர்ந்தால் அது ஒரு கடல் மைல். மாலுமிகள் வைத்திருந்த அளவு இது. 1929-ல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாடு இதை 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தியது. வானத்துக்கும் அதே அளவு போய்ச் சேர்ந்தது.

யாழ்ப்பாணம் மாதிரி நேர்கோட்டில் அமையாத ஊர்களுக்கு என்ன செய்வது? வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளக்கக் கூடாது. உருண்டையைத் தட்டையாக விரித்ததால் வரைபடம் இழுபட்டுக் கிடக்கிறது. பள்ளிக்கூட மேசையில் இருக்கும் பூமி உருண்டை கிடைத்தால் ஒரு தையல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியைப் பெங்களூரில் கட்டைவிரலால் அமுக்கி, மறுநுனியைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்து, தொய்வு போகும்வரை முறுக்குங்கள். நூல் தானாக வழுக்கி வடக்கே ஏறும். ஜப்பானை விட்டுவிட்டு, மேற்குச் சீனா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, அலாஸ்கா பக்கமாக இறங்கும். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் முழுக்கப் பெண் விமானிகளோடு வந்தது. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் துருவப் பாதையில்தான் வந்தார்கள். இரண்டு ஊருக்கும் இடையே நேர்தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். அந்த நூல் காட்டும் பாதைக்குப் பெருவட்டம் என்று பெயர். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய வழி கிடையாது.

நூல் செய்வதைக் கால்குலேட்டரில் செய்வதுதான் சூத்திரம். செல்பேசியைப் படுக்கவைத்துத் திருப்பினால் சைன், காஸ் பொத்தான்கள் தெரியும். அது பாகையில் கணக்குப் போடுகிறதா, ரேடியனில் போடுகிறதா என்று முதலில் பாருங்கள்; பாகையில்தான் இருக்க வேண்டும். விடை தாறுமாறாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

முதல் பகுதி: இரண்டு அட்சரேகைகளின் சைனைப் பெருக்குங்கள்.
சைன் 12.994 × சைன் 1.359 = 0.2248 × 0.0237 = 0.0053

இரண்டாம் பகுதி: இரண்டு அட்சரேகைகளின் காஸையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் பெருக்குங்கள். வித்தியாசம் 103.989 − 80.181 = 23.808.
காஸ் 12.994 × காஸ் 1.359 × காஸ் 23.808 = 0.9744 × 0.9997 × 0.9149 = 0.8912

இரண்டையும் கூட்டினால் 0.8966 வருகிறது. அதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) போட்டால் 26.29 பாகை. நடுவில் எங்கும் எண்களைச் சுருக்காமல் கால்குலேட்டரிலேயே தொடர்ந்து போடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஓரிரு கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

26.29 × 60 = 1,577 கடல் மைல். × 1.852 = 2,921 கிலோமீட்டர்.

தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐத் தாண்டினாலும் பயப்பட வேண்டாம், காஸ் அதைத் தானே சரிசெய்துவிடும். பூமி துல்லியமான உருண்டை இல்லை. நடுவில் கொஞ்சம் பருத்தது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அதனால் இந்தக் கணக்கில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே இல்லை.

இதே முறையில் திருச்சிக்கும் போட்டுப் பாருங்கள் (10.765 வடக்கு, 78.710 கிழக்கு). திருச்சி தெற்கே இருக்கிறது, சிங்கப்பூரும் தெற்கே இருக்கிறது, ஆகவே திருச்சியிலிருந்து கிட்ட என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கு தருவது 2,979 கிலோமீட்டர். சென்னையைவிடக் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் அதிகம். திருச்சி தெற்கே இறங்கியிருக்கும் அளவைவிட மேற்கே தள்ளியிருப்பது இங்கே எடைபோடுகிறது.

படி 4: விமானம் உண்மையில் பறக்கிற பாதை

பெருவட்டம் என்பது மிகக் குறைந்த அளவு. அதற்குக் கீழே போக முடியாது, மேலே போகும். சென்னை–சிங்கப்பூர்ப் பெருவட்டம் வங்கக் கடலைக் கடந்து, கிரேட் நிக்கோபாரின் தென்முனைக்குப் பக்கத்தில் போய், சுமத்ராவின் வடமுனையைத் தொட்டு, மலாக்கா நீரிணை வழியாக இறங்குகிறது. நடுவில் தடை எதுவும் இல்லாத கடல் வழி என்பதால் விமானங்கள் இதை ஒட்டியே போகின்றன. இந்த மாதிரிப் பாதைக்கு 3 முதல் 5 சதவீதம் கூட்டிக்கொண்டால் போதும். 2,921 ஏறக்குறைய 3,030 ஆகும்.

எல்லாப் பாதையும் இவ்வளவு சுமுகம் இல்லை. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரையும், மறுபடி 2025 ஏப்ரலிலிருந்தும் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்கள் அரபிக்கடல் பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு அடைபட்டபோது ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 9 மணி நேரத்திலிருந்து 13 மணி நேரத்துக்குப் போனது. ஊர்கள் நகரவில்லை, பெருவட்டக் கணக்கும் மாறவில்லை. எனவே மேற்கே போகும் நெடும்பயணமாக இருந்தால், பிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமானம் போன வாரம் எந்த வழியாகப் பறந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய அட்டவணையை நம்பாதீர்கள்.

படி 5: வானத்தில் எத்தனை நேரம்

ஏ320, போயிங் 737 வகைகள் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு வேகத்தில் போகின்றன. உயரே குளிரான காற்றில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர்தான், ஆகவே விமானத்தின் வேகம் 830, 840 என்று வரும். போயிங் 787, ஏ350 போன்ற பெரிய விமானங்களுக்கு 0.85 பங்கு, அதாவது 900-ஐ ஒட்டி. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏடிஆர் விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும்.

3,030 ÷ 840 = 3.6. அதாவது 3 மணி 36 நிமிடம். 0.6 என்பதை 60 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள், அது 36 நிமிடம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகத்தில் இருக்காது. அதற்கு ஒரு 15 நிமிடம். ஆக வானத்தில் 3 மணி 50 நிமிடம்.

படி 6: தரையில் போகிற நேரம்

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம் விமானம் மேலே எழும்பும் நேரம் இல்லை. கதவு மூடி, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும் நேரம். வருகை நேரம் என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரமும் இல்லை, நிறுத்தத்தில் வந்து நிற்கும் நேரம். விமானத் துறையில் இதை நான்காகப் பிரித்துக் குறித்துக்கொள்கிறார்கள்: நகர்ந்தது, எழும்பியது, தொட்டது, நின்றது. முதலுக்கும் கடைசிக்கும் இடையே உள்ளதைப் பிளாக் டைம் என்பார்கள். உங்கள் டிக்கெட்டில் இருப்பது அதுதான்.

இது குறுகிய பயணத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்று நான் ஒருமுறை கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். சென்னை–பெங்களூர், பெருவட்டத்தில் 269 கிலோமீட்டர். மணிக்கு 840 என்று வகுத்தால் 19 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். காலை 6:12-க்கு விமானம் பின்னால் தள்ளப்பட்டது. முன்னால் மூன்று விமானங்கள் வரிசையில். 6:31-க்கு எழும்பியது. பெல்ட் விளக்கு அணைந்து, பணிப்பெண் தண்ணீர் பாட்டில்களோடு எங்கள் வரிசைக்கு வருவதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. காதடைப்பு வந்ததை வைத்துத்தான் தெரிந்தது. 7:08-க்குத் தரையைத் தொட்டது, 7:16-க்கு நின்றது. மொத்தம் 64 நிமிடம். அதில் வானத்தில் 37, தரையில் 27.

அதனால் குறுகிய பயணத்துக்கு வகுத்தல் கணக்கு உதவாது. 300 கிலோமீட்டர் என்றாலும் 400 என்றாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். தூரம் கூடக் கூடத்தான் வகுத்தல் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

சென்னை–சிங்கப்பூருக்குத் தரையில் 25 நிமிடம் போடுங்கள். 3:50 + 0:25 = 4 மணி 15 நிமிடம். இதற்கு மேலும் நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாக நேரம் வைத்துத்தான் அட்டவணை போடுகின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் "சரியான நேரத்தில் வந்தது" என்று கணக்கு வைப்பது இத்துறையின் வழக்கம். "20 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானி சொல்வதற்குப் பல நேரம் காரணம் அந்தத் தாராளம்தான்.

சென்னையில் இன்னொன்றும் உண்டு. பிரதான ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்து எழும்ப வேண்டும். கிழக்குக் காற்று வீசும் நாளில் பரங்கிமலைப் பக்கமாக எழும்பி நேரே கடலுக்குப் போய்விடலாம். மேற்குக் காற்று நாளில் குன்றத்தூர்ப் பக்கம் எழும்பி, வளைந்து திரும்பிக் கடலுக்கு வர வேண்டும். சில நிமிடம் அங்கேயே போய்விடும்.

படி 7: காற்று

ஒரே தூரம், ஒரே விமானம்; போகிற நேரமும் வருகிற நேரமும் ஏன் வேறு? அம்மா கேட்ட கேள்வியில் ஒரு சிறு பகுதிக்கு விடை இங்கே இருக்கிறது.

விமானத்தின் வேகம் அதைச் சுற்றியுள்ள காற்றை வைத்து. தரையை வைத்துப் பார்த்தால் காற்றின் வேகம் கூடும் அல்லது கழியும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று எதிரே வீசினால் சிங்கப்பூருக்கு 3,030 ÷ 790, ஏறத்தாழ 3 மணி 50 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3,030 ÷ 890, 3 மணி 24 நிமிடம். சாதாரணக் காற்றுக்கே 26 நிமிட வித்தியாசம்.

நம் வானத்தில் ஓர் அதிசயம் நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அதே நாட்களில், தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். அதை 1958-ல் விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். பயணிகள் விமானம் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் போவதால் அந்த ஆற்றின் அடிப்பகுதி அதன்மேல் படுகிறது. ஆகவே ஜூலையில் சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று, சென்னை திரும்பும்போது தள்ளுகாற்று.

வடக்கே கதை நேர்மாறு. குளிர்காலத்தில் இமயத்துக்குத் தெற்கே மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடும். டெல்லியிலிருந்து ஐரோப்பா போகிறவர்கள் அதை எதிர்த்துப் போக வேண்டும், திரும்புகிறவர்கள் அதன்மேல் ஏறி வருவார்கள். அட்லாண்டிக்கில் 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் வழி அது.

போகும்போது இழந்ததை வரும்போது முழுக்கத் திரும்பப் பெறலாம் என்று நினைக்காதீர்கள். எதிர்க்காற்றில் நீங்கள் கழிக்கிற நேரம் அதிகம், தள்ளுகாற்றில் கழிக்கிற நேரம் குறைவு. கூட்டிப் பார்த்தால் காற்றே இல்லாத நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும்.

படி 8: இரண்டு ஊர்க் கடிகாரம்

இனி மீதிப் பெரும்பகுதி. இந்திய நேரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னே. சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னே. வித்தியாசம் இரண்டரை மணி.

வழி எளிது: கழிப்பதற்கு முன்னால் இரண்டு நேரத்தையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றுங்கள்.

போகும்போது: சிங்கப்பூர் காலை 6:00 என்பது இந்திய நேரம் 3:30. இரவு 11:15-லிருந்து 3:30 வரை 4 மணி 15 நிமிடம்.
வரும்போது: சிங்கப்பூர் இரவு 8:30 என்பது இந்திய நேரம் மாலை 6:00. அங்கிருந்து இரவு 10:20 வரை 4 மணி 20 நிமிடம்.

அம்மாவின் ஆறே முக்காலும் இரண்டும் ஒன்றாக வந்து நின்றுவிட்டன. நாம் மேலே கணக்குப் போட்டுக் கண்ட 4:15-ம் இதுவும் பொருந்துவதைப் பாருங்கள்.

காலை 6 மணிக்கு இறங்கிய அம்மா அக்காவிடம் முதலில் கேட்டது, "இங்கே இன்னும் விடியலையா?" என்றுதான். சிங்கப்பூரில் சூரியன் 7 மணிவாக்கில்தான் உதிக்கும். 104-வது தீர்க்கரேகையில் இருக்கும் ஊருக்குச் சூரியக் கணக்கின்படி யூடிசி-யிலிருந்து ஏழு மணி நேரம்தான் முன்னே வர வேண்டும். 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை எட்டு மணிக்கு வைத்துக்கொண்டார்கள். நேர மண்டலம் அரசு எடுக்கும் முடிவு. இலங்கை 1996-ல் ஒரே ஆண்டில் இரண்டு தடவை மாற்றி, 2006-ல் மறுபடி இந்திய நேரத்துக்கே வந்தது. ஆகவே தீர்க்கரேகையை வைத்து நேர வித்தியாசத்தை ஊகிக்காமல், அந்த நாட்டின் இப்போதைய நேரத்தைப் பாருங்கள்.

லண்டனுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி வித்தியாசம், மற்ற மாதங்களில் ஐந்தரை.

அதைவிட ஆபத்தானது நள்ளிரவு. 15-ஆம் தேதி 00:30 விமானம் என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் 15-ஆம் தேதி இரவு பெட்டிகளோடு போய் நின்றது. விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. அந்தப் பெரியவரின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. டிக்கெட்டில் 00-வில் தொடங்கும் நேரத்தைப் பார்த்தால் நாள்காட்டியில் முந்தைய நாளைச் சுற்றி வட்டம் போட்டுவிடுங்கள். வருகை நேரத்துக்குப் பக்கத்தில் "+1" என்று இருந்தால் மறுநாள் என்று பொருள்.

படி 9: நடுவில் இறங்கி ஏறுவதாக இருந்தால்

கொழும்பு வழியாகப் போவதை எடுத்துக்கொள்வோம். சென்னை–கொழும்பு 646 கிலோமீட்டர், கொழும்பு–சிங்கப்பூர் 2,747. மொத்தம் 3,393, நேர்வழியைவிட 16 சதவீதம்தான் அதிகம். பறக்கும் தூரத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஆனால் இரண்டாவது முறை தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மறுபடி. நடுவில் காத்திருப்பு மூன்று மணி நேரம் என்றால் மொத்தப் பயணம் எட்டரை, ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். மாற்றுவிமானப் பயணத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், காத்திருப்பைப் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

படி 10: வாசலிலிருந்து வாசல் வரை

நான் இத்தனையும் எழுதுவது இந்தப் படிக்காகத்தான். தஞ்சாவூரில் இருக்கும் ஒருவர் சிங்கப்பூர் போக வேண்டும். சென்னை டிக்கெட் மலிவாகத் தெரிகிறது, பறக்கும் நேரமும் ஐந்து நிமிடம் குறைவு.

திருச்சி வழி: வீட்டிலிருந்து விமான நிலையம் ஒன்றே கால் மணி. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி முன்னதாக. விமானம் 4 மணி 20 நிமிடம். சாங்கியில் குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி. மொத்தம் 9 மணி 35 நிமிடம்.

சென்னை வழி: தஞ்சாவூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு ஏழு மணி நேரம். அங்கே மூன்று. விமானம் 4:15. சாங்கியில் ஒன்று. மொத்தம் 15 மணி 15 நிமிடம்.

மூட்டு வலியோடு இருக்கும் அம்மாவுக்கு அந்த 5 மணி 40 நிமிடம் மிகப் பெரிய வித்தியாசம். காருக்கோ ரயிலுக்கோ ஆகும் செலவைச் சேர்த்தால் மலிவு டிக்கெட்டும் மலிவாக இருக்காது. அதனால் வானத்து நேரத்தை ஒரு வரியாகவும், மற்ற எல்லாவற்றையும் கீழே தனித்தனி வரியாகவும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். மூன்று மணி முன்னதாக என்பதைக் குறைக்காதீர்கள். புறப்பாட்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போதே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள், ஏறும் வாசலும் புறப்பாட்டுக்கு 20, 25 நிமிடம் முன்பே மூடப்படும்.

அழைத்துவரப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான், தலைகீழாக. அம்மா திரும்பிய இரவு வருகை நேரம் 10:20. ஆனால் விமானம் சிங்கப்பூரில் 25 நிமிடம் தாமதமாக, அந்த ஊர் நேரம் 8:55-க்குத்தான் நகர்ந்தது என்று செல்பேசியில் பார்த்தேன். இந்திய நேரம் 6:25. அதோடு 4:20 கூட்டினால் 10:45. ஜூலை மாதம், பின்னாலிருந்து தள்ளுகாற்று, பத்து நிமிடம் மிச்சப்படலாம். குடிநுழைவு வரிசைக்கும் பெட்டிக்கும் 50 நிமிடம். 11:25 என்று தாளில் எழுதி, மீனம்பாக்கத்துக்கு 11:10-க்குப் போய் நின்றேன். 11:30-க்கு அம்மா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார், மேலே அக்கா கொடுத்துவிட்ட பிஸ்கட் டப்பா.